சைகை அக்காவின் ரவுட்டர்

தெருவில் அவளுக்குச் சைகை அக்கா என்று பெயர். வீட்டின் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காது கேளாத நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவே வீடியோவில் மொழிபெயர்ப்பதுதான் பிழைப்பு. டாக்டர் பேசுவதைக் கையால் சொல்வாள். நோயாளி கையால் சொல்வதை வாயால் சொல்வாள். அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது என்பதால் வாய் பேசுவதற்கு முன்பே அவளுக்குக் கை பேசப் பழகிவிட்டது. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். உடும்புப் பிடி என்று கணவரே சொல்வார், கொஞ்சம் பெருமையாகவும் நிறையப் பயத்தோடும்.

அன்று எதிர்ப்பக்கத்தில் இருந்தவள் ஒரு தையல்காரி. கர்ப்பப்பையில் கட்டி. கட்டியை மட்டும் எடுக்கலாம், கர்ப்பப்பையையே எடுத்துவிடவும் செய்யலாம், எடுத்துவிடுவது சுலபம் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். தையல்காரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எடுத்துவிடுவோமா என்று கேட்டதற்கும் ஆட்டினாள். டாக்டர் எழுதிவிட்டார்.

அந்தத் தலையாட்டல் சைகை அக்காவுக்கு உறுத்தியது. அவளுடைய அப்பா கடைக்குப் போனாலும் வங்கிக்குப் போனாலும் இதே மாதிரிதான் ஆட்டுவார். எனக்குப் புரியவில்லை, ஆனால் உங்களைத் தொந்தரவு செய்யவும் மனம் வரவில்லை என்று அதற்கு அர்த்தம். உடனே தையல்காரியிடம், உங்களுக்குப் புரிந்ததை எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்டாள். தையல்காரி ரொம்ப நேரம் தயங்கினாள். உங்கள் முகம் தெரிகிறது, கை அசைந்தால் புகைதான் தெரிகிறது, பல வாரமாகவே இப்படித்தான், நல்ல மனுஷியாக இருக்கிறீர்கள், எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன் என்றாள்.

சைகை அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. தன் திரையில் எல்லாரும் பளிச்சென்று தெரிந்ததால், தானும் அவர்களுக்கு அப்படியே தெரிவதாக நம்பியிருந்தாள். வரும் படத்தைப் பார்த்துப் பார்த்து, போகும் படத்தை மறந்தே போயிருந்தாள். அவள் தொழிலில் போகும் படம்தானே உயிர்! டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, இதை மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அவர் அடுத்த வாரம் நேரம் கொடுத்தார். வேறு மொழிபெயர்ப்பாளரைப் போடட்டுமா என்று நிறுவனம் கேட்டபோது தையல்காரி மறுத்துவிட்டாள். பழகிய கை வேண்டுமாம். அந்த நம்பிக்கை சைகை அக்காவை இன்னும் குத்தியது.

காரணம் மாடியில் இருந்தது. கொழுந்தன் கல்யாண வீடியோ எடுப்பவன். எடுத்ததையெல்லாம் பகல் முழுக்க இணையத்தில் ஏற்றுவான். போகிற வழியெல்லாம் மாப்பிள்ளையும் பெண்ணும் அடைத்துக்கொண்டால் அண்ணியின் கைக்கு ஏது இடம்? இனி ஏற்றமாட்டேன் என்று சத்தியம் செய்தான். மறுநாளே அவன் ஃபோன் அவனைக் கேட்காமலே ஏற்றிக்கொண்டிருந்தது. முன்னறையில் ஃபைபர் இணையக் கம்பெனிக்காரர்கள் மாட்டிய பெட்டியிலோ யாருக்கு முதல் வழி என்று சொல்லும் வசதியே இல்லை. அந்த வசதியுள்ள ரவுட்டர் ஒன்றை அவள் சொந்தமாக வாங்கி வந்தாள்.

கம்பெனிக்கு ஃபோன் செய்தால், எங்கள் பெட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும், அது விதி என்றார்கள்.

"அந்த விதி எங்க எழுதியிருக்குன்னு சொல்லுங்க. நானே படிச்சுக்கிறேன்."

மறுபக்கம் பாட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது விதி ஆலோசனையாக இளைத்திருந்தது. போட்டுக்கொள்ளலாம், கெட்டால் எங்களிடம் வரக்கூடாது என்றார்கள். மறுநாள் லைன்காரர் வந்தார். பழைய பெட்டியை வெறும் பாலமாக மாற்றினார். இனி ஒளியைக் கம்பிக்கு மாற்றிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது, மற்றதையெல்லாம் உங்கள் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும் என்று விளக்கினார். அவள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ரவுட்டரில் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி போட்டாள். அதே சிவப்பு. வீட்டில் யாருக்கும் இணையம் இல்லை.

கொழுந்தன் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தான். "அண்ணி, இருந்ததையும் கெடுத்துட்டீங்களே."

"கெடுத்தவளே சரி பண்ணுவா. நீ மேல போ தம்பி."

கம்பெனியின் இயந்திரம் பழைய பெட்டியின் எண்ணைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது, அதை அழித்தால்தான் புதியதை உள்ளே விடும், அழிக்க வேண்டியது அலுவலகம் என்று சொல்லிவிட்டு லைன்காரர் அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார். தையல்காரியின் நேரம் மறுநாள் காலை. கணவர் தயங்கித் தயங்கி, பழையபடியே மாட்டிவிடலாமே, தம்பியை நாளைக்கு மட்டும் வெளியே அனுப்பிவிடலாம் என்றார்.

"நாளைக்கு இவ. அடுத்த நாள் வேறொருத்தி வருவா, அவளும் தலையாட்டுவா" என்றாள் அவள். "என் மனசு நோகக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு தலையாட்டியிருக்கா. அதுக்குக் கர்ப்பப்பையை எடுத்துடுவாங்க. நான் எப்படி விடுவேன்?"

அவள் ஃபோனை அடுக்களை மேடையில் வைத்து, காய் நறுக்கிக்கொண்டே அலுவலகத்தோடு மல்லுக்கட்டினாள். ஒருவர் இன்னொருவரிடம் தள்ளினார், அவர் அடுத்தவரிடம் தள்ளினார். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து, குரலை உயர்த்தாமல், அதே வாக்கியத்தைச் சொன்னாள்: பழைய பெட்டியின் எண்ணை அழியுங்கள். சமையல் முடிந்து பாத்திரமும் கழுவியாயிற்று. கடைசியில் ஒரு புண்ணியவதி அழித்துக் கொடுத்தாள். விளக்கு பச்சையானது. கைபேசிச் சிக்னலைத் தேடி ஜன்னலோரம் நின்றிருந்த கொழுந்தன் முதல் ஆளாக மாடிக்கு ஓடினான்.

ரவுட்டரில் தன் கம்ப்யூட்டருக்கு முதல் வழி, மற்றவர்களுக்கு மிச்சம் என்று வைத்தாள். ஆனால் இந்த முறை தன் திரையை நம்பத் தயாராக இல்லை. கணவரை எதிர்வீட்டுக்கு அனுப்பி அங்கிருந்து வீடியோவில் பார்க்கச் சொன்னாள். இருப்பதிலேயே பெரிய கல்யாணத்தை ஏற்று என்று கொழுந்தனுக்கு உத்தரவு போட்டாள். பிறகு கைகளை வேகவேகமாக ஆட்டினாள்.

"தெளிவா தெரியுது. என்னைத்தான் திட்டுற" என்றார் கணவர்.

அவர் சொன்னது சரிதான். அதன்பிறகே அவளுக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் காலை பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். பாதி வாக்கியத்தில் தையல்காரி கையை உயர்த்தி நிறுத்தினாள். எதை எடுப்பீர்கள் என்று கேட்டாள். கர்ப்பப்பையை எடுத்தால் பிள்ளை பிறக்குமா என்று கேட்டாள். பிறக்காது என்ற பதில் சைகை அக்காவின் கையிலிருந்து போனதும், தையல்காரியின் கைகள் மடியில் விழுந்தன. போன வாரமே இதைச் சொன்னீர்களா என்று கேட்டாள். சொன்னேன், உங்களிடம் வந்து சேரவில்லை, அது என் குற்றம் என்று சைகை அக்கா தன் சொந்தப் பதிலைச் சொல்லி, அதை டாக்டருக்கும் சொன்னாள். தையல்காரி விடவில்லை. கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வருமா, வந்தால் என்ன செய்வது, வலி எத்தனை நாள் இருக்கும் என்று கேள்விமேல் கேள்வியாக அடுக்கினாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சைகை அக்காவின் தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. நிறுத்தவில்லை.

எல்லாம் கேட்டு முடித்தபின் தையல்காரி நிமிர்ந்து உட்கார்ந்து கைகளை உயர்த்தினாள். நோயாளி சொல்வதை நோயாளியாகவே நின்று, நான் என்றே பேச வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முறை. எதிரே இருந்த கைகள் எவ்வளவு அழுத்தமாக வந்தனவோ, அவ்வளவு அழுத்தமாக அவள் வாய் திறந்தாள்.

"கட்டியை மட்டும் எடுங்க. திரும்ப வந்தா வரட்டும். என் கர்ப்பப்பையைத் தொடக்கூடாது. நான் சம்மதிக்கலை."

டாக்டர் போன வாரம் எழுதியிருந்ததை அடித்தார்.