திரைச்சீலைக்காரர் கட்டிய ஊர்

திரைச்சீலைக்கு அளவெடுக்கப் போனால், ஜன்னலில் டேப்பை வைப்பதற்கு முன்னால் அதன் வழியாக வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவார். அங்கே பக்கத்து வீட்டுச் சுவரும் தண்ணீர்க் குழாயும்தான் இருக்கும். ஆனாலும் பார்ப்பார். "இங்கேருந்து ஒருத்தன் தப்பிக்கணும்னா இந்தக் குழாயைப் பிடிச்சு இறங்கலாம். மழை பெஞ்சா வழுக்கும்" என்று தனக்குள் பேசிக்கொண்டே அகலத்தையும் உயரத்தையும் எடுப்பார். அதைக் கேட்டு மிரண்டுபோய் எங்கள் முதலாளிக்குப் போன் போட்ட வீட்டுக்காரர்கள் உண்டு.

திரைச்சீலைக் கடையில் நாங்கள் அவரைக் கூப்பிடுவது டேப்பு என்று. கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. சாப்பிடும்போதும் கழற்றமாட்டார், அதன் நுனி குழம்பில் நனைந்து மஞ்சளாகவே இருக்கும். அவர் அளந்து வருவதைக் கட்டிங் மாஸ்டர் வெட்டுவார், நான் தைப்பேன். டேப்பு இரண்டு பெண்பிள்ளைகளுக்கு அப்பா. முன்நெற்றி ஏறிவிட்டது. நடக்கும்போது வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

சனிக்கிழமை மதியம் கடை சாத்தியதும் வெட்டும் மேசை அவருடையதாகிவிடும். மிச்சத் துணிகளை விரித்து ஓர் ஊரைக் கட்டுவார். பச்சை வெல்வெட் காடு, நீல சாட்டின் ஆறு, சுருட்டி வைத்த பழுப்புத் துணி மலை. மாஸ்டரும் கடை டிரைவரும் ஆளுக்கொரு பொத்தானை எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பொத்தான்தான் அந்த உலகத்தில் அவர்கள். மாஸ்டர் மந்திரவாதி, டிரைவர் குதிரை வீரன். என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணைப் பார்த்து என்ன நடந்தது என்று டேப்பு சொல்லுவார். பூதம், அரக்கன், பாதாளம் எல்லாம் அவர் வாயிலிருந்தே வரும்.

பேய் பிசாசைக் கூப்பிடுகிற விளையாட்டு என்று முதலில் எனக்குப் பயம். எழுந்து போய் வாசல் பக்கம் உட்கார்ந்து பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவரே வந்தார். "அக்கா, நீங்க தினம் கும்பிடுறவங்க. என் ஊர்ல சாமி இடம் ஒண்ணு காலியா கிடக்கு. உள்ள யாரை வைக்கிறதுன்னு தெரியல" என்றார். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. இதற்கெல்லாம் நான் என்ன சொல்ல? கேட்டதைக் கொடுக்கிற சாமி வேண்டாம் தம்பி, சொல்வதைக் கடைசி வரைக்கும் கேட்கிற சாமி போதும் என்றேன். அடுத்த சனிக்கிழமை டிரைவருடைய குதிரை ஆற்றோடு போய்விட்டது. டிரைவர் தன் பொத்தானை அந்தச் சாமி இடத்துக்கு நகர்த்திக்கொண்டு போய், குதிரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. டேப்பு ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கடைசி வரைக்கும் கேட்டார். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதிலிருந்து நான் வாசல் பக்கம் போவதில்லை.

அந்த ஊர் அவருக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதற்கு ஒரு கூத்து. மேசைத் துணியில் சாக்கட்டியால் போட்ட ஒரு கட்டம் என்றால் அந்த உலகத்தில் ஐந்தடி. ஒரு பெரிய வீட்டின் ஜன்னலை அளந்துவிட்டு, அதே நினைப்பில் பத்தடி அகலத்தை இரண்டு, ஏழரை அடி உயரத்தை ஒன்றரை என்று கட்டக் கணக்கில் மாஸ்டரிடம் சொல்லிவிட்டார். மாஸ்டர் அதை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு வெட்டினார். நானும் தைத்தேன். மாட்டிப் பார்த்தால், வளர்ந்த பிள்ளைக்குப் பழைய பாவாடை கட்டியது போல் நிற்கிறது. "நீ எந்த ராஜ்ஜியத்துல போய் அளந்துட்டு வந்தே?" என்றார் முதலாளி. டேப்பு தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு நாள் உட்கார்ந்து, அந்தத் துணிக்குக் கீழேயும் பக்கத்திலும் தானே ஒட்டுப் போட்டுத் தைத்தார்.

இந்த ஊர் கம்ப்யூட்டருக்குள் ஒரு கேமாக வர வேண்டும் என்பதுதான் அவருடைய கனவு. திரைச்சீலைக்குக் கொக்கி கோக்கும்போது சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த கேமில் மழை வந்தால் கடைக்காரன் சாமானை உள்ளே எடுத்து வைப்பான். நாம் உதவி செய்தவன் எங்கோ போய் நம்மைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுவான். கொல்லாமல் விட்ட அரக்கனுக்கும் வயசாகும், பல் விழும். பகடையில் தோற்றால் ஆட்டம் முடிந்தது என்று வராது. கதை வேறு பக்கம் திரும்பும். கேட்கக் கேட்க எனக்குக் கையில் ஊசி நின்றுவிடும். படைத்தவன் ஒருவனுக்குத்தான் இத்தனை கவலை இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் அவருடைய தங்கை வீட்டுக்காரர் வந்தார். போனில் விளையாடும் கேம்களைச் செய்கிற கம்பெனியில் வேலை. அங்கே புதிதாக ஒன்று தேடுகிறார்கள், மச்சான் ஊரைப் பற்றித் திங்கட்கிழமை மேலதிகாரியிடம் பேசப்போகிறேன் என்றார். அந்த சனிக்கிழமை ஆட்டம் இல்லை. டேப்பு குளித்துத் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் நின்று ஊர் முழுவதையும் சொன்னார். மாஸ்டர் தன் பெண்ணைப் பார்க்க வந்தவர்களுக்கு முன் நிற்பது போல் நின்றார்.

தங்கை மாப்பிள்ளை நல்லவர். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கழித்தார். மழை வேண்டாம், செலவு. அரக்கனுக்கு வயசாக வேண்டாம், வேலை. டேப்பு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். என் சாமியும் போயிற்று; அதற்கும் ஆட்டினார், என்னைப் பார்க்காமல். கடைசியில் விளக்குக்காரிக்கு வந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் டேப்பு அவளுக்கு ஒரு தனி வீடு வைத்திருந்தார். ராத்திரியானால் விளக்கேற்றி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இத்தனை வருஷ ஆட்டத்தில் எங்கள் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை.

"அவளையும் எடுத்துடலாம் மச்சான். வழியிலயே இல்ல. யாரு போகப்போறா?"

"போறவன் ஒருத்தன் வருவான்ல மாப்ள. அவன் வர்றப்ப அவ அங்க இருக்கணும்."

"ஆயிரத்துல ஒருத்தனுக்காகவா?"

"ஆமா."

எடுக்காவிட்டால் கம்பெனியில் பேசவே முடியாது, அளவுக்கு மேல் ஒன்று கூடினாலும் கேம் தாங்காது என்று மாப்பிள்ளை தன்மையாகவே சொன்னார். மச்சான் பெயர் திரையில் வரும், பிள்ளைகள் பார்ப்பார்கள் என்றார். சரி என்று சொல்லித் தொலையேன் என்பது போல் டிரைவர் இவருடைய முழங்கையை இடித்தார். டேப்பு மேசை ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

"மத்ததெல்லாம் எடுத்துக்கோ. அவள விட்டுட்டு வர முடியாது. வேற யாரோட ஊரையாவது பாரு மாப்ள" என்றார். குரலில் கோபம் இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. கனவு கண்ணெதிரே போவது அவருக்குத் தெரிந்தேதான் சொன்னார்.

மாப்பிள்ளை பையை மூடினார். வாசல் வரை போனார். செருப்பில் ஒரு காலை நுழைத்தவர், அப்படியே நின்று திரும்பினார்.

"சரி மச்சான். நான் போறேன்னு வை. மலையைத் தாண்டி, ராத்திரி. அவ வாசல்ல போய் நிக்கிறேன். என்ன பண்ணுவா?"

டேப்பு மேசையை விட்டு நகர்ந்தார். சுவரோரமாகப் போய், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார். அது சுற்றி ஓயும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு மேசைக்கு வந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லாத இடத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து, சுடர் அணையாமல் பிடித்துக்கொண்டு, முகத்தை மெல்ல நிமிர்த்தினார்.