கார்டு சார் வீட்டுக் கடல்குதிரைகள்

விழுப்புரத்தில் ஒரு வண்ண மீன் கடையில் எனக்கு டேங்க் சர்வீஸ் வேலை. வீடு வீடாகப் போய்க் கண்ணாடி துடைப்பது, ஃபில்டர் கழுவுவது, நோய் கண்ட மீனுக்கு மருந்து போடுவது. பத்து வருஷம் ஆகியிருந்தது. மீனில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அப்போது ஒரு மிதப்பு.

திண்டிவனத்தில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். கார்டு சார் என்றுதான் கூப்பிடுவோம். என் கஸ்டமர்களில் கடல் தண்ணீர் டேங்க் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பொம்மையார்பாளையத்தில் கேன் கேனாகக் கடல் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய் மாற்றுவேன். அங்கே நண்டு வலையில் சிக்கிய இரண்டு கடல்குதிரைகளை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தவனும் நான்தான். இன்று அதைப் பிடித்தாலும் குற்றம், வீட்டில் வைத்தாலும் குற்றம். இது அந்தச் சட்டம் வருவதற்கு முன்பு நடந்தது.

கடல்குதிரை சோம்பேறி மீன். பிளாஸ்டிக் செடியில் வாலைச் சுற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். இரை வாய்க்கு நேராக வந்தால்தான் உறிஞ்சும். கூடவே சுறுசுறுப்பான மீன் இருந்தால் இது பட்டினிதான். அதனால் வேறு மீன் விடவில்லை. கார்டு சார் எதிரே ஈஸி சேரைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பார்ப்பார். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும்.

ஒருமுறை போனபோது ஒரு குதிரைக்கு வயிறு உப்பியிருந்தது. இரையையும் தொடவில்லை. நல்ல தண்ணீர் மீனுக்கு வயிறு ஊதினால் நோய் என்று கணக்கு. உடனே பிரித்தெடுத்து மருந்தில் போட வேண்டும். கடையில் நான் கற்ற முதல் பாடமே அதுதான்.

"நோயி இல்லப்பா. தெனம் காலைல ரெண்டும் வாலைப் பின்னிக்கினு சுத்துதுங்க. அன்னிக்கி பொட்டை வந்து இதோட வயித்துப் பைல முட்டைய உட்டுட்டுப் போச்சி. என் கண்ணால பாத்தேன். இது ஆம்பள" என்றார் கார்டு சார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஆம்பள எங்கனா முழுகாம இருக்குமா சார்? மொதல்ல மூக்குக் கண்ணாடிய மாத்துங்க."

குதிரையை ஆக்சிஜன் கவரில் போட்டுக் கட்டி எடுத்துவந்தேன். கடையில் கடல் தண்ணீர் ஊற்றிய தனி டப்பில் விட்டு, காப்பர் மருந்தைக் கலந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை டப்பின் அடியில் புருவ முடியை வெட்டிப் போட்டதுபோல ஏதோ கிடந்தது. குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் குதிரை முகம், சுருண்ட வால். குட்டிகள். ஐந்தாறுக்குத்தான் உயிர் இருந்தது. அவசர அவசரமாக மருந்து கலக்காத கடல் தண்ணீருக்கு மாற்றினேன். மதியத்துக்குள் அவையும் போய்விட்டன. அப்பன் மட்டும் வயிறு ஒட்டிப்போய்ப் பிழைத்துக்கொண்டது.

முதலாளி வந்து பார்த்தார்.

"இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிற? மருந்துல வயிறு வத்திடுச்சின்னு சொல்லி ஜல்தியா குடுத்துட்டு வா. குட்டி கதைய எடுத்தின்னா பேஜாரு. கஸ்டமரு பூடுவாரு."

திண்டிவனம் போய்க் குதிரையை டேங்கில் விட்டேன்.

"மருந்துல சரியாயிடுச்சி சார்."

கார்டு சார் கிட்டே வந்து வெகுநேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அப்ப நோயிதானா? நாந்தான் தப்பா பாத்துட்டேன் போலக்குது. ஏழுமல, முப்பது வருசம் சிக்னல் பாத்த கண்ணு இது. இனிமே இத்த நம்ப முடியாது, இல்ல?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட மறைத்திருப்பேன்.

"நீங்க பாத்ததுதான் சார் சரி. அது ஆம்பளதான். குட்டி போட்டுச்சி. நான் ஊத்துன மருந்துல எல்லாம் செத்துப்பூடுச்சி."

அவர் ஈஸி சேரில் உட்கார்ந்தார். "எத்தினி இருந்திச்சி?" என்று கேட்டார்.

"எண்ணல சார்."

"எண்ணியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

கார்டு சார் இப்போது இல்லை. எனக்கும் வயதாகிவிட்டது. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். நாம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்க்கிறோம், வீட்டுக்காரர் தினமும் பார்க்கிறார். அவரைக் கேட்காமல் மருந்து பாட்டிலைத் திறக்காதீர்கள். நான் முதன்முதலாக அப்படிக் கேட்டது அடுத்த சர்வீஸின்போது, கார்டு சார் வீட்டில்தான். கதவைத் திறப்பாரோ மாட்டாரோ என்று பயந்துகொண்டே போனேன். திறந்தார். டேங்கைத் தொடாமல் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "இந்த வாட்டி இன்னா பாத்தீங்க சார்?" என்றேன். அரைமணி நேரம் விடாமல் சொன்னார். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.