பூசணிக்காய் உடைத்த இடம்

வாரத்தில் இரண்டு நாள் என் மனைவியை டயாலிசிஸுக்குக் காரில் அழைத்துப் போகிறேன். பாகூர் ஏரிக்கரை வழியாக மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் பதினான்கு வளைவுகள். சென்ற ஐப்பசியில் ஸ்டீயரிங் முனக ஆரம்பித்தது. முதலில் ஒன்பதாவது வளைவில் மட்டும், பிறகு எல்லாவற்றிலும். வலியோடு தூங்குகிறவர் முனகுவதைப் போன்ற சத்தம்.

வண்டி வேலையை நானே பார்ப்பேன். தினமும் காலையில் பானெட்டைத் திறந்து, பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் ஆயில் நிற்கும் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டேன். ஏழு நாளில் ஏழு கோடுகள், ஒன்றுக்குக் கீழ் ஒன்று. எங்கே ஒழுகுகிறது என்று குனிந்து பார்த்தேன். அமாவாசையன்று குங்குமம் நிரப்பி, வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி உடைத்த திருஷ்டிப் பூசணிக்காயின் சிவப்புதான் தரையில் இருந்தது. உடைத்த இடத்தை நாங்கள் மிதிக்க மாட்டோம், தொடவும் மாட்டோம். வண்டி நிறுத்த வேறு இடமில்லாததால் அதன் மேலேயே நின்றது.

மூன்று நாள் மழை. வாசல் மண்ணே அரித்துப் போனது. சிவப்பு போகவில்லை; முன்பைவிடப் பளபளத்தது. பால் ஊற்றும் பெண் கிட்டே வராமல் நின்றுவிட்டாள்.

"இன்னா பெரியவரே, இது காயவே மாட்டேங்குது?"

மழையால் ஒரு முறை டயாலிசிஸ் தவறியிருந்தது. மனைவிக்குக் கால்கள் வீங்கி, உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். இன்னொரு முறை தவறினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த டயாலிசிஸ் நாளன்று அவள் வண்டியில் ஏற மறுத்தாள்.

"அந்த டியூப்ல ஓடுறத நாலு மணி நேரம் பாத்துக்கினு கெடக்கறேன். எனக்குத் தெரியாதா? வண்டிக்கு அடியில கெடக்கறது என் ரத்தங்க."

வேறு வழியில்லாமல் மண்டியிட்டு அதைத் தொட்டேன். வழவழவென்று இருந்தது. கையை எடுப்பதற்குள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது. நாற்பது எண்ணினேன், இன்னொன்று. ஸ்டீயரிங் ஆயிலும் சிவப்புதான் என்பது எனக்குத் தெரிந்ததுதான். கோடுகளை எண்ணத் தெரிந்தவனுக்கு அதுவரை தொடத் துணிவில்லை.

ஆயில் போகும் ரப்பர் ஹோஸில் தளர்ந்திருந்த கிளிப்பை இறுக்கினேன். ஆயிலை மேல்கோடு வரை ஊற்றி, ஜாக்கியில் முன்சக்கரங்களைத் தூக்கி, காற்று வெளியேற ஸ்டீயரிங்கை இருபது முறை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினேன். வண்டியை முன்னே நகர்த்திவிட்டு, வெறும் ஆயில்தான் என்று அவளிடம் சொன்னேன்.

அவள் வெறுங்காலோடு வந்து நேராக அந்தச் சிவப்பின் மேல் நின்றாள். குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"ஆயிலாவே இருக்கட்டும். வண்டிய எடுங்க."

ஏரிக்கரையில் ஸ்டீயரிங் சத்தமே போடவில்லை. பின்சீட்டில் அவள் மூச்சு இழுப்பதுதான் கேட்டது.

சாயங்காலம் திரும்பி வந்து, இறங்க முடியாமல் அவள் உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன். அந்த இடத்திலிருந்து காலையில் கார்க்கதவு இருந்த இடம் வரை ஆறு சிவப்புப் பாதங்கள், வீங்கிய பாதங்கள். ஆறும் வீட்டை விட்டு வெளியே போகிறவை. அவள் கண்ணில் படுமுன் மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டு, அதன் பிறகே அவளைக் கைபிடித்து இறக்கினேன்.