என் பெயருக்கு நான் தூக்காத கை

எழுதத் துணிந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். ஜெர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. செத்துப்போன ஒரு மனிதர்மீது எனக்கு வந்த பொறாமையை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

இங்கே நகரத்து ஓரங்களில் துண்டு துண்டாகத் தோட்டம் வாடகைக்குக் கொடுப்பார்கள். வேலியின் உயரத்திலிருந்து புல்வெட்டும் நேரம்வரை சங்கத்தின் சட்டம் உண்டு. பக்கத்துத் தோட்டக்காரி ஊர்சுலா, தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். தன் குடிலில், மண்வெட்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே, தாடிக்காரர் ஒருவரின் படத்தை மாட்டியிருக்கிறார். நாங்கள் சாமிப்படம் மாட்டும் உயரம். யார் இவர் என்று கேட்டது என் பிழை.

பெயர் வில்ஹெல்ம். ஊர்சுலாவின் பூட்டனுக்குத் தம்பி, வண்டிச்சில்லு செய்பவரின் மகன். நூற்றைம்பது வருடத்துக்கு முன் கப்பலேறித் தென் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. மாட்டுவண்டி ஓட்டினார், கோதுமை விதைத்தார், பழைய பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தார். ஊர்ச்சபையில் வீதிக்கும் கிணற்றுக்கும் சண்டை பிடித்தார். பன்னிரண்டாம் வருடம், அந்தக் கோதுமைப் பகுதிக்குப் பாராளுமன்ற உறுப்பினர்! முதல்நாள் அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டுச் சபை சிரித்ததாம். சிரித்து முடியும்வரை நின்றுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாராம். பிறகு ஒருமுறை தோற்று, திரும்பவும் வென்றார். அவர் கேட்டு வாங்கிய பாலம் இன்றைக்கும் இருக்கிறதாம்.

"முதல் தேர்தலிலை ஒரேயொரு வாக்காலை வெண்டவர். அது அவரின்ரை சொந்த வாக்கு!" என்று ஊர்சுலா விழுந்து விழுந்து சிரித்தார்.

வெட்கங்கெட்ட மனிதன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அந்தத் தாடி என்னை விடவில்லை. இந்த நாட்டுக்கு வந்த பன்னிரண்டாம் வருடத்தில் நான் எங்கே நின்றேன்? டுல்டுங் என்ற தற்காலிக அனுமதித் தாளை நீட்டிக்க, மூன்று மாதத்துக்கு ஒருதரம் வரிசையில் நின்றேன். அவரிடம் யாரும் முத்திரை கேட்கவில்லை. அந்த நிலத்தில் முன்பே இருந்தவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று ஊர்சுலா சொல்லவில்லை. பொறாமையில் நானும் கேட்க மறந்தேன். நான் வந்து முப்பத்திரண்டு வருடம். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டம் ஒன்றில்கூட வாய் திறந்ததில்லை.

இந்த வசந்தத்தில் சங்கத்துக்கு வாசர்வார்ட் தெரிவு வந்தது. குளிர்காலத்தில் பூட்டிய பொதுக் குழாயைத் திறப்பவர் அவர்தான். பழையவர் மே மாதம்வரை திறக்கமாட்டார். எங்கள் கத்தரிக் கன்றுகளுக்கும் மிளகாய்க் கன்றுகளுக்கும் வீட்டிலிருந்து கலனில் தண்ணீர் சுமப்போம். புதிதாக ஒருவர் தெரிவாகாவிட்டால் அவரே தொடர்வார். வில்ஹெல்முக்கு ஒரு பாலம் என்றால் எனக்கு ஒரு குழாய் ஆகாதா? பெயரைக் கொடுத்துவிட்டேன்.

"நீரோ? கோயில் கூட்டத்திலை தேத்தண்ணி குடுக்கவே தூணுக்குப் பின்னாலை நிண்ட ஆளல்லோ நீர்!" என்றார் கணவர்.

"போட்டியில்லை, நான் ஒரு ஆள்தான். சும்மா இருங்கோ."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பாடமாக்கிய ஐந்து வசனங்களில் மூன்றாவது மறந்துபோனது. பின்வரிசையில் சிரிப்பு. அந்தத் தாடியை நினைத்தேன். நின்றேன். சிரிப்பு அடங்கியதும் முதலிலிருந்து தொடங்கி ஐந்தையும் சொல்லி முடித்தேன். ஊர்சுலா மேசையில் தட்டினார்; இங்கே அதுதான் கைதட்டல்.

தலைவர் கைகளை எண்ணினார். ஆதரவு பதினாறு. எதிர்ப்பும் பதினாறு. பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கள்?"

எட்டாம் வகுப்பில் மொனிற்றர் தெரிவு நடந்தபோது, தவமணி தன் பெயருக்குத் தானே கையைத் தூக்கினாள். வென்றாள். ஒரு தவணை முழுக்க 'கைதூக்கி' என்று அவளுக்குப் பட்டம் தெளித்தோம். அவளோடு சாப்பிட ஒருத்தியும் இருக்கவில்லை. அந்தப் பட்டத்தை வைத்தவளே நான்தான்.

மடியில் என் வலது கையை இடது கை இறுக்கிப் பிடித்திருந்தது. சிரித்தபடி, இல்லை என்று தலையாட்டினேன். அது பணிவு என்று எல்லோருக்கும் விளங்கும் என்றுதான் நினைத்தேன். தலைவர் 'வாக்களிக்கவில்லை' என்று எழுதினார். சமமாக வந்தால் தெரிவு இல்லையாம்.

வெளியே வந்ததும் ஊர்சுலா என்னை மறித்தார். "உமக்கே நீர் வேண்டாமெண்டால் நான் என்னத்துக்குக் கை தூக்கினனான்?"

"எங்கடை ஊரிலை தன்ரை பேருக்குத் தானே..." என்று தொடங்கினேன். மிச்சத்துக்கு என்னிடம் ஜெர்மன் இல்லை. சபை சிரித்தபோது நிற்கத் தெரிந்த வில்ஹெல்மைவிட, தன் பெயருக்குக் கை தூக்கத் தெரிந்த வில்ஹெல்ம்மீதுதான் அன்று எனக்குப் பொறாமை எரிந்தது. என் வலது கை இந்த நாட்டில் இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருக்கும் இடது கை இன்னும் எட்டாம் வகுப்பில் இருக்கிறது.

மறுநாள் குழாய் திறக்கவில்லை. வேலை முடிந்து, இரண்டு கலன் தண்ணீர் கொண்டுபோய்க் கன்றுகளுக்கு ஊற்றினேன்.