ரெஜினா டீச்சரின் முறை

ரெஜினா டீச்சர் இறந்துபோன செய்தியைக் கரடியூரிலிருந்து வந்த எஸ்டேட் ரைட்டர் ஏற்காடு பஸ் நிலையத்தில் வைத்துச் சொன்னார். மறுநாள் தேவாலயத்தில் இரங்கல் கூட்டம். எங்கள் கிளைடர் கிளப்பின் பழைய செயலாளர் எழுந்து, "டீச்சர் நொம்ப அடக்கமானவங்க. அவங்க பறக்கறதுக்கு நாங்கதான் ஊக்கம் குடுத்தோம்" என்றார். அந்தப் பொய்யைக் கேட்ட பிறகு, டீச்சரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

டீச்சர் மிஷன் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். நான் வேறொரு பள்ளியில் வாத்தியார். எண்பதுகளில் சனிக்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் மலையிறங்கி, இருவரும் அடிவாரத்து ஓடுதளத்துக்குப் போவோம். இன்ஜின் இல்லாத அந்தக் கிளைடர் விமானத்தைத் தனியாக ஓட்ட எங்களில் முதலில் அனுமதி பெற்றவர் அவர்தான். "பயமா இல்லீங்களா?" என்று கேட்பவர்களிடம், "நம்ம மலை பஸ்ல வர்றதுக்கு இது எவ்வளவோ மேலுங்க" என்பார்.

ஒருமுறை எங்கள் கிளப் வெளிமாவட்டத்து ஓடுதளம் ஒன்றுக்கு மூன்று நாள் விருந்தாளியாகப் போனது. இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றி, போன இடத்தில் மறுபடி பூட்டியதில் பாதி வேலை டீச்சருடையது. பறக்கும் வரிசையில் அவர் பெயர் மூன்றாவது. அந்த ஊர் கிளப் தலைவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பொம்பளைங்க விழுந்து வச்சா யாருங்க பதில் சொல்றது?" என்றார். இரங்கல் கூட்டத்தில் பேசிய அதே செயலாளர் உடனே பேனாவை எடுத்து டீச்சர் பெயரை அடித்தார். என் பெயரை எழுதினார்.

"நான் தனியாவே பல தடவ பறந்திருக்கேனுங்க" என்றார் டீச்சர்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர், நம்ம ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றார் செயலாளர்.

நான் ஏறி உட்கார்ந்தேன். டீச்சரே குனிந்து என் பெல்ட்டைச் சரிபார்த்தார். "இன்னும் இறுக்குங்க சார்" என்றார். ஓடுதளத்தின் மறுகோடியிலிருந்து இயந்திரம் விமானத்தில் கட்டிய கயிற்றை இழுக்க, இறக்கை நுனியைப் பிடித்தபடி என்னோடு ஓடிவந்தார். மேலே நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். மூன்று நாளும் அவருக்கு ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சேலத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"என் முறைன்னு தெரிஞ்சுதானுங்களே உக்காந்தீங்க? மன்னிப்பு எதுக்குங்க சார்? இனி இன்னொருத்தர் எடத்துல உங்கள உக்காரச் சொன்னா, அப்ப எறங்கிடுங்க."

அதன்பின் அவர் கிளப் பக்கம் வரவே இல்லை. யாரும் போய் அழைக்கவும் இல்லை.

சில வருடம் கழித்து எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் பதவியை, எனக்கு மூத்த ஒரு டீச்சரைத் தள்ளிவிட்டு எனக்குக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தை எழுதவைத்த கோபம் ரெஜினா டீச்சருடையது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதைத் தணித்துக்கொள்ளச் சொல்லி யாரும் என்னிடம் வர வேண்டாம்.