பத்துக்குப் பன்னிரண்டு

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை முழு மனதோடு துரோகம் செய்ய முயன்றிருக்கிறேன். அதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாததால் அது நன்மையில் போய் முடிந்தது. வீட்டில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். பத்து வயதில் தானாக வந்து விழுகிற பாராட்டை மறுக்கும் அளவுக்கு நான் யோக்கியன் இல்லை. அதை வைத்துக்கொண்டே ஐம்பது வயதுவரை காலம் தள்ளினேன் என்பது கூடுதல் வெட்கம்.

எண்பதுகளின் பிற்பாதி. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி, நாலைந்து வீடுகளைத் தவிர, மனைக்கற்களும் எருமைகளுமே குடியிருந்தன. காலை ரயிலுக்குப் போகிற அப்பா விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். மற்ற நேரத்தில் வீட்டில் அம்மா, நான், அன்று கல்யாணமாகாதிருந்த சித்தப்பா. சித்தப்பா பல்லாவரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. அது சம்பளத்துக்கு. அவர் உயிர் இருந்தது அந்தத் தொழிற்சாலையின் கால்பந்து அணியில். கோச், மேனேஜர், இடைவேளையில் எலுமிச்சம்பழம் நறுக்குகிறவர் எல்லாம் அவரேதான்.

பந்து உதைத்துப் பிழைப்பது என்றால் அன்றைய மெட்ராஸில் இப்படித்தான். ஒரு தொழிற்சாலையோ பேங்க்கோ ஆட்டக்காரரை வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அவர் காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் மைதானத்துக்குப் போய்விடுவார். அவருடைய நாற்காலி, கால்கள் ஓயும் நாளுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும்.

அந்த வருடம் லீக் தொடங்குவதற்கு முன்பே சித்தப்பாவின் அணியில் ஐந்து பேரை ஒரு பேங்க் அள்ளிக்கொண்டு போய்விட்டது. கோல் போடுகிற சென்டர் ஃபார்வர்டும் அதில் அடக்கம். சித்தப்பா யாரையும் திட்டவில்லை.

“இன்னாடா பண்றது? பேங்க்னா தலைக்கு மேல ஃபேன், கடைசில பென்ஷன். என் காலு ரெண்டும் நல்லா இருந்தா நானே ஓடியிருப்பேன்” என்றார். மைதானத்தில் பழகிப் பழகி அவர் பேச்சில் வடசென்னை ஏறியிருந்தது. அம்மாவிடம் பேசும்போது மட்டும் அதைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிடுவார்.

நிர்வாகம் ஒரே வரியில் சொல்லியிருந்தது. இந்த வருடம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினால் அணி கிடையாது. அப்படி நடந்தால் ஆட்டக்காரர்கள் எல்லோரும் மூன்று ஷிப்டுக்கும் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். சித்தப்பா ஆயுளுக்கும் போல்ட் நட்டு எண்ண வேண்டும்.

ஆகவே தினமும் மாலையில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் புதிய அணியைக் கட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கட்டுவேன். என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் பத்துக்கு மார்க் போட்டு, இந்த வருடம் அணி எங்கே நிற்கும் என்று கணித்து வைத்திருந்தேன். கோல் காக்கிற கோலிக்கு முப்பத்தாறு வயது. சுண்டுவிரல் உடம்போடு சம்பந்தமில்லாத திசையில் வளைந்திருக்கும். ஆனால் தோல் கையுறை வைத்திருந்தார். ஒன்பது போட்டேன். இடது பேக்காக நின்று தடுத்தாடுகிறவருக்கு மீசைக்காக எட்டு. வியாசர்பாடியிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரியாத சொத்தைப்போலப் பந்தைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். ஆளுக்கு ஆறு.

சித்தப்பா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “மார்க்கு கையுறைக்காடா, ஆளுக்காடா? அந்த வெரலு எப்டி வளைஞ்சுதுன்னு கேட்டியா? வெளாட்டு பாதில கீது, வெரலு பிசகிடுச்சு. துணியைச் சுத்திக்கினு மிச்சத்தையும் வெளாடினான். பந்து ஒண்ணு உள்ள பூரல.”

அவர் ஆட்களைப் பற்றிப் பேசும்போது கேட்டுக்கொண்டே இருக்கலாம். யாரிடமும் இல்லாததைத் தேட மாட்டார்; இருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார். மிச்சமிருந்தவர்களோடு மற்ற அணிகள் கழித்துப் போட்ட ஆட்களையும் வைத்தே பத்து இடங்களை நிரப்பியிருந்தார். கோல் போடுகிற ஆளுக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

அந்த ஆளைத் தேடிக் கன்னியாகுமரிக் கடலோரத்துக்குப் போனார். அங்கே ஒரு மாதா கோயில் திருவிழாவில், மணலில் நடந்த கால்பந்துப் பந்தயத்தில் ஒருவரைப் பார்த்தார். தனக்கு முன்பே பேங்க்காரர்களின் காதுக்கும் செய்தி போய்விட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. விதி எளிமையானது. குறித்த நாளில் லீக் ஆபீசில் ஆட்டக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போடும்வரை அவர் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம். அதனால் கையெழுத்து நாளுக்கு முந்தைய வாரம் முழுக்க, கல்யாணப் பெண்ணைப்போல ஆட்டக்காரர்களை ஒளித்து வைப்பது வழக்கம். எழும்பூர் ஸ்டேஷனில் பேங்க்காரர்கள் காரோடு காத்திருக்க, சித்தப்பா அவரைத் தாம்பரத்திலேயே இறக்கி, டவுன் பஸ்ஸில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அக்கம்பக்கத்தில் அம்மாவின் தூரத்துத் தம்பி என்று சொல்லப்பட்டது. நான் கடற்கரை மாமா என்று கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. எதிர்வீட்டு மாமி அவர் கழுத்திலிருந்த சிலுவையையே பார்த்துவிட்டு, “ஜாடை உங்களை மாதிரி இல்லையே?” என்றார். “எங்க அப்பா ஜாடை. கழுத்துல இருக்கறது வேண்டுதல்” என்று அம்மா கண் இமைக்காமல் சொன்னாள்.

நான் எதிர்பார்த்தது ஆறடி ஆளை. வந்தவர் அம்மாவின் தோளுயரம். வளைந்த கால்கள், ஒரு துணிப்பை, ஒரே ஒரு பேண்ட். அந்தப் பேண்டைத் தினமும் காலையில் அம்மா பக்கெட்டில் ஊறப்போட்டுவிடுவாள். விருந்தாளி உபசாரத்தில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவின் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு அவர் கிணற்றடியில் உட்கார்ந்திருப்பார். “அக்கா, மீன நான் வெட்டித் தாறேன்” என்று வாங்கிக்கொள்வார். மத்தி மீன் அவர் கையில் பட்டதும் தானே சட்டையைக் கழற்றிக்கொள்வதுபோல இருக்கும். மற்ற நேரத்தில் தூக்கம்.

மூன்றாம் நாள் அவரை நானே பரிசோதிக்க முடிவு செய்து, வறண்டு கிடந்த ஏரிக்கு ரப்பர் பந்தோடு அழைத்துப் போனேன். அவரை ஏழு முறை தாண்டிப் பந்தைக் கொண்டுபோனேன். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே வழிவிட்டார். ஒரு முறை தடுக்கி விழவும் செய்தார். “மக்களே, நல்லா ஆடுதியே” என்றார்.

பத்து வயதுப் பையனிடமிருந்து பந்தைப் பறிக்கத் தெரியாத ஆளை நம்பித்தான் சித்தப்பாவின் பிழைப்பே நிற்கிறது! வீட்டுக்கு வந்து நோட்டில் பத்துக்கு இரண்டு என்று எழுதினேன். அந்த இரண்டும் மீனுக்கு.

“சித்தப்பா, இவருக்கு ஃபுட்பால் தெரியுமா?”

“மணல்ல ஓடின காலுடா அது. புல்லு தரைல வுட்டா பறக்கும் பாரு” என்றார் சித்தப்பா. பாசம் கண்ணை மறைக்கிறது என்று முடிவு கட்டினேன். அவரை இனி நான்தான் காப்பாற்ற வேண்டும்.

கையெழுத்து நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்த வாய்ப்பு ஸ்கூட்டரில் வந்து இறங்கியது. சஃபாரி சூட், கறுப்புக் கண்ணாடி, கையில் க்ரீம் பிஸ்கட் பாக்கெட். அம்மா பாமாயில் வாங்க ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வந்தவர் என் தலையைத் தடவி, பேங்க்கிலிருந்து வருவதாகச் சொல்லி, “வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்திருக்காங்களா கண்ணு?” என்றார்.

யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு. ஆனால் என் மூளை வேலை செய்தது. இந்தத் தண்டத்தை இவர் கொண்டுபோய்விட்டால் பேங்க் அணி ஒழியும். சித்தப்பாவும் நல்ல ஆளாகத் தேடிக்கொள்வார்.

“இருக்கார் சார்! உள்ளதான் இருக்கார். கூட்டிட்டுப் போறீங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒரு பதில் அவருக்குக் கிடைத்திருக்காது. விற்கத் துணிந்த பிறகு தயங்கக்கூடாதென்று நான் அள்ளி விட்டேன். ரெண்டு காலாலேயும் அடிப்பார் சார். ஓடினா நாலு பேர் சேர்ந்தாலும் பிடிக்க முடியாது. தலையால போட்டார்னா கோலி கையைத் தூக்கறதுக்குள்ள பந்து உள்ள கிடக்கும். எல்லாம் அந்த நிமிடத்தில் பிறந்த கற்பனைகள்.

“நீ பாத்தியா?”

“மார்க்கே போட்டு வெச்சிருக்கேன் சார்.”

சொன்ன பிறகுதான் நோட்டில் இருப்பது இரண்டு என்பது நினைவுக்கு வந்தது. உள்ளே ஓடி, மைப்பேனாவை எடுத்து, இரண்டுக்கு முன்னால் ஓர் ஒன்று போட்டு, நோட்டைக் கொண்டுவந்து நீட்டினேன். பத்துக்குப் பன்னிரண்டு. அவர் மார்க்கின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். விரல் நீலமாக வந்தது. அதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக எட்டிப் பார்த்தார். வெளுத்த லுங்கியில் குந்தியிருந்த ஒரு சின்ன மனிதர், கைமுழுக்கச் செதிலோடு மீன் அலசிக்கொண்டிருந்தார்.

“இவரா?”

“இவரேதான் சார். இப்பவே கூட்டிட்டுப் போயிடுங்க.”

சஃபாரி சூட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னப்பா, பேங்க் வேலைக்கு வர்றியா?” என்று உரக்கக் கேட்டார். கடற்கரை மாமா விருட்டென்று எழுந்தார். கையை உதறினார். லுங்கியைக் குனிந்து பார்த்தார். கொடியில் சொட்டிக்கொண்டிருந்த பேண்டைப் பார்த்தார். மறுபடி மீனிடம் உட்கார்ந்துவிட்டார். பேங்க் வேலை என்றதும் உட்காருகிற ஆட்டக்காரன் உலகத்திலேயே கிடையாது என்பது வந்தவருடைய தீர்மானமாக இருந்திருக்க வேண்டும்.

“உங்க சித்தப்பா கிட்ட சொல்லு. நானும் இருபது வருஷமா இந்த வேலைதான் பாக்கறேன். பொம்மையைக் காட்டி ஏமாத்தற ஆட்டம் என்கிட்ட வேணாம். அசல் ஆளை எங்க ஒளிச்சு வெச்சிருக்கான்னு எனக்குத் தெரியும்.”

அணியின் பழைய ஆள் ஒருவர் திருநீர்மலை அடிவாரத்தில் குடியிருந்தார். ஸ்கூட்டர் அந்தத் திசையில் போனது. இரண்டு நாளும் அங்கேதான் நின்றிருந்ததாம். பிஸ்கட் பாக்கெட் எனக்கு மிச்சம்.

கையெழுத்து நாளன்று அம்மா அந்தப் பேண்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கடற்கரை மாமா சித்தப்பாவோடு போய்க் கையெழுத்துப் போட்டார். அங்கே நின்றிருந்த சஃபாரி சூட், “பையனை நல்லாத்தான் தயார் பண்ணி வெச்சிருந்தே” என்று சித்தப்பாவிடம் பல்லைக் கடித்தாராம். வீட்டுக்கு வந்த சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கூத்தாடினார். தாம்பரத்தில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பரோட்டா உள்ளே போனது.

முதல் ஆட்டமே அந்த பேங்க்கோடுதான். நான் கேலரியில் உட்கார்ந்திருந்தேன். பத்தாவது நிமிடம்கூட ஆகியிருக்காது. வியாசர்பாடித் தம்பி தன் அண்ணனைத் தவிர வேறு ஒருவருக்கு முதல்முறையாகப் பந்தைக் கொடுத்தார். கடற்கரை மாமா அதை இடது காலில் வாங்கி, வலது காலுக்கு மாற்றி, நான்கு பேரை நிற்க வைத்துவிட்டுப் போனார். கோல். ஏரியில் எனக்கு வழிவிட்ட அதே சிரிப்பு. இரண்டாவது, கார்னரிலிருந்து தலையால். அந்தக் குள்ள உடம்பு எப்படி அத்தனை உயரத்துக்குப் போய் ஒரு கணம் அங்கேயே நின்றது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பேங்க் கோலியின் கை பாதி தூக்கியபடியே நின்றது. என் பொய்கள் என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக உண்மையாகிக்கொண்டிருந்தன. இரண்டு வரிசை கீழே சஃபாரி சூட் ஆட்டத்தைப் பார்க்காமல் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாம்பியன் ஆனோமா என்றால் இல்லை. நடுவில் எங்கேயோ நின்றோம்; கீழே இறங்கவில்லை. வளைந்த விரல் கோலி முட்டி தேய ஆடினார். சித்தப்பா போல்ட் எண்ணப் போகவில்லை. நோட்டில் பன்னிரண்டை நான் திருத்தவில்லை. அது ஒன்றுதான் அதில் நியாயமான மார்க்.

அடுத்த வருடக் கையெழுத்து நாள் வந்தபோது சித்தப்பாவே கடற்கரை மாமாவை ஓர் இரவல் ஸ்கூட்டரில் உட்கார வைத்து பேங்க்கில் கொண்டுபோய் விட்டார். “ஒரு வருஷம் எனக்கு வெளாடினான். இனிமே அவனுக்கு வெளாடட்டும்” என்றார். புறப்படும்போது அம்மா அவர் கையில் புதுசாகத் தைத்த இரண்டு பேண்டுகளைக் கொடுத்தாள். தீபாவளிக்கு மட்டுமே துணி எடுக்கிற வீடு அது. ஏன் இரண்டு, ஏன் பேண்ட், அதைக் கொடுக்கும்போது அம்மா ஏன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை என்று அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு ஒன்றும் எடுக்கவில்லையே என்றுதான் தோன்றியது.

போன வருடம் சித்தப்பா மகனின் கல்யாணப் பந்தியில் இந்தக் கதையை மறுபடி சொன்னேன். துரோகப் பகுதியை விட்டுவிட்டு, வழக்கமான மெருகோடு. கடைசியில், பேங்க் என்று கேட்டும் அந்த மனிதர் உட்கார்ந்தாரே, அதற்குப் பெயர்தான் விசுவாசம் என்று குரல் கனக்க முடித்தேன். இளைஞர்கள் உருகிப்போய்க் கேட்டார்கள். எதிரே அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை.

“விசுவாசமாம். அந்த வாரம் பூரா அந்தப் பேண்ட்டை நான் காயவே விடலடா. ஊறப்போட்டுடுங்க அண்ணின்னு தினம் சொல்லிட்டுத்தான் உங்க சித்தப்பன் வேலைக்கே போவான். இதுல நீ மார்க்கு வேற போட்டியாக்கும்.”