பத்தில் நாலு பங்கு

தறி ஓடும்போது நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஓர் இழை அறுந்தாலும் உடனே நிறுத்திப் பிணைக்க வேண்டும். விட்டுவிட்டால் துணியில் கோடு விழும், ஓனர் சத்தம் போடுவார். கண்ணில் புரை விழுந்திருந்த நாளில் எனக்கு இழை தெரியாது. விரலால் தடவிக்கொண்டு நிற்பேன். பக்கத்துத் தறி வசந்தாமணியின் மகள் மோனிஷா, பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவுக்கு ஒத்தாசையாகப் பட்டறைக்கு வருகிறவள். தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல எழுந்து வருவாள், என் தறியில் அறுந்ததைப் பிணைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். என் கண் ஆபரேசன் முடிகிற வரைக்கும் அப்படித்தான். அவள் அம்மாவுக்கே அது தெரிந்திருக்காது.

வெண்ணந்தூரில் எங்கள் தெருக்கோடியில்தான் அவர்கள் வீடு. அவள் அப்பா காளியண்ணன் போர்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போனவர், வருசத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். எது கேட்டாலும் போனில், "உங்கம்மா சொல்றதக் கேளு சாமி" என்பார். ஆகவே எல்லா முடிவும் வசந்தாமணி தலையில்தான்.

பன்னிரண்டாவது முடிகிற சமயம் இரண்டு சேதி ஒன்றாக வந்தன. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய கல்லூரியில் பரீட்சை வைத்து, நேரில் கூப்பிட்டுப் பேசிப் பார்த்து, நன்றாகச் செய்கிற சில பிள்ளைகளுக்கு மட்டும் படிப்பும் ஹாஸ்டலும் இலவசமாகத் தருகிறார்களாம். பரீட்சை சேலத்தில், ஞாயிற்றுக்கிழமை. அவினாசிப் பக்கத்து நூல் மில்லுக்கு ஆள் ஏற்றிப்போகிற வேனும் அதே ஞாயிறு காலையில் வருகிறது. மோனிஷா பெயரை வசந்தாமணி முன்பே சொல்லிவைத்திருந்தாள். பரீட்சைக்குப் போனால் மில் வேலை போகும். மில்லுக்குப் போனால் படிப்பு அதோடு சரி.

என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு வசந்தாமணி பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கணக்கு வாத்தியார் சந்திரசேகர் சாரிடம் நேராகவே கேட்டாள்.

"சார், என்ற பிள்ளைக்குக் கிடைக்குமுங்களா, கிடைக்காதுங்களா? மறைக்காமச் சொல்லுங்க."

"எழுத்துப் பரீட்சையத் தாண்டிருவாம்மா. கணக்குல எனக்குப் பயமே இல்ல. நேர்ல கூப்பிட்டு இங்கிலீஷ்ல பேசச் சொல்லுவாங்க. பெரிய பெரிய ஸ்கூல் பிள்ளைங்க வரும். இவ வாயே திறக்க மாட்டேங்கறா. பத்துல நாலு பங்குன்னு வெச்சுக்குங்க."

"அப்ப ஆறு பங்கு இல்லைன்னு தானுங்களே?"

சார் சிரித்துவிட்டார். வசந்தாமணி சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு தறி ஓடும்போதெல்லாம் மோனிஷாவின் உதடு அசைவதைப் பார்த்தேன். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. பிள்ளை ஏதோ சாமி பாட்டுச் சொல்கிறது என்று நினைத்து எனக்குச் சந்தோசம். ஒரு நாள் கரண்ட் போய்த் தறியெல்லாம் சட்டென்று நின்றது. மோனிஷா மட்டும் தொண்டை கிழிய இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தாள். பட்டறையே திரும்பிப் பார்த்தது.

"ஏ அம்மிணி, யாரத் திட்டற?" என்றாள் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற ராசாத்தி.

"யாரையுமில்லீங்க்கா. எங்க ஊரப் பத்திச் சொல்லுன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு பேசிப் பழகறேன். இந்தச் சத்தத்துலதான் வெக்கம் வரமாட்டேங்குது."

வசந்தாமணிக்கு மனசு நிலைகொள்ளவில்லை. வியாழக்கிழமை மாரியம்மன் கோவிலில் பூக்கேட்டுவிடலாம் என்றாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துச் சின்னப் பிள்ளையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வது. கல்யாணம், காடு கரை வாங்குவது, எதுவானாலும் எங்களுக்கு அதுதான் வழக்கம். வெள்ளை வந்தால் நடக்கும்.

சிவப்பு வந்தது.

பூசாரி திருநீறு கொடுத்தார். நாங்கள் வீட்டுக்கு வந்தோம். அம்மன் சொன்னால் சொன்னதுதான் என்று இருக்கிறவள் நான். எனக்கு அழுகை முட்டியது. வசந்தாமணி உள்ளே போய்ப் பையை எடுத்து மகளின் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினாள்.

"என்னன்னு கேட்டீங்கம்மா?" என்றாள் மோனிஷா.

"உனக்கு அந்தப் படிப்புக் கிடைக்குமான்னு."

"பரீட்சைக்குப் போலாமான்னு கேட்டீங்களா?"

"கிடைக்காதுன்னு ஆனப்புறம் போயி என்ன பண்றது? வாயப் பாரு. அக்கா, நீங்களே சொல்லுங்க இவகிட்ட."

என் மனசில் பட்டதைச் சொன்னேன். "சாமி இல்லைன்னது நெசம் வசந்தா. போகாதேன்னு சொல்லல. நாம அதக் கேக்கவே இல்ல."

மோனிஷா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் உயரவில்லை.

"பழைய கொஸ்டின் பேப்பரெல்லாம் போட்டுப் பாத்தேம்மா. எனக்கு நானே மார்க்குப் போட்டா கை தாராளமாப் போயிரும்னு, பாதி சரியா இருந்ததுக்கெல்லாம் சைபர்தான் போட்டேன். அப்படிப் பாத்தா வாய்ப்பு சார் சொன்னதுக்கும் கம்மியாத்தான் வருது. எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணுமே இல்லாமப் போகல. மில்லுக்கு அடுத்த மாசமும் ஆளெடுப்பாங்க. வேன் மறுபடி வரும். இந்தப் பரீட்சை வராது. கிடைக்கலைன்னா அழுவாம வேன் ஏறுவேன். எழுதாம ஏறமாட்டேன்."

வசந்தாமணி துணிகளை மடித்தபடியே இருந்தாள். ஞாயிறு வரைக்கும் அவள் மனசில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது.

ஞாயிறு விடிந்து வேன் வந்து ஹாரன் அடித்தது. வசந்தாமணி வெறுங்கையோடு வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்க்கா, பை எங்க? பொண்ண ஏறச் சொல்லுங்க" என்றான் டிரைவர்.

"இன்னிக்கு வரலப்பா."

"பேரக் குடுத்தாச்சுங்க. அப்புறம் இடம் இருக்குமோ என்னமோ."

"இல்லாட்டிப் போகுது. அவளுக்குப் பரீட்சை இருக்குது."

"கலெக்டராகப் போகுதாட்டம் இருக்குது!"

"ஆச்சுன்னா உனக்குச் சொல்லி அனுப்பறேன். வண்டிய எடு."

மகளோடு சேலம் பஸ்ஸில் அவளே ஏறினாள். நான் கோவிலுக்குப் போனேன். அன்றைக்கு அம்மனிடம் ஒன்றும் கேட்கவில்லை, விளக்குப் போட்டுக் கும்பிட்டு வந்தேன்.

எழுத்துப் பரீட்சையில் மோனிஷா தேறினாள். நேரில் பேச இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். போய் வந்த அன்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "ஏம்மா இவ்வளவு சத்தமாப் பேசறேன்னு கேட்டாங்க, பெரியம்மா. எங்க ஊர்ல தறிச் சத்தத்த மீறித்தான் பேசணும்னு இங்கிலீஷ்லயே சொன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நல்லதுக்குச் சிரிச்சாங்களா கெட்டதுக்கான்னு தெரியல."

அதற்குள் வேன் இன்னொரு தடவை வந்து போயிற்று. வசந்தாமணி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். பிறகு ஒரு மத்தியானம் பட்டறையில் மோனிஷாவின் போனுக்குச் சேதி வந்தது. தேர்ந்தெடுத்த பிள்ளைகளின் வரிசையில் கடைசிப் பெயர் அவளுடையது. அவள் ஆடவுமில்லை, கத்தவுமில்லை. போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு, நின்றுபோன தறியை ஓட்டினாள். வசந்தாமணிதான் தறி ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

அம்மன் எப்படிப் பொய் சொல்வாள் என்று ராசாத்தி கேட்டாள். அம்மன் பொய் சொல்லவில்லை, நாங்கள் பயந்துபோய்க் கேட்டோம், அந்தப் பயத்துக்குத்தான் பதில் வந்தது என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இதற்குமேல் எனக்குத் தெரியாது.

ஆடி முடிந்து அவளை அனுப்பச் சேலம் பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். கோயம்புத்தூர் பஸ் புறப்படுகிற நேரத்தில் அவள் அம்மா பிஸ்கெட் வாங்கக் கடைக்கு ஓடினாள். மோனிஷா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இன்னும் முடியலீங்க பெரியம்மா. வருசா வருசம் மார்க்குக் கொறஞ்சா இதப் பறிச்சுக்குவாங்க. பறிக்க உடமாட்டேன். அம்மா பயந்துக்கிட்டுப் பூக்கேக்கக் கூப்பிட்டா நீங்க போகாதீங்க. எனக்கு வேண்டிக்கிட்டாப் போதும். வாரேனுங்க."